நிவாரணம் முடியும் இடத்தில் தொடங்கும் பணி

 

மனிதாபிமானப் பணி என்றதும் எமது மனக்கண் முன் தோன்றுபவை அரிசி மூடையும், உடுப்புப் பொதியும், பதாகை கட்டிய லொறியுமே. அவை வேண்டாதவை அல்ல. பசித்தவருக்கு அன்றைய தினமே உணவு வேண்டும். ஆயினும் உள்நாட்டுப் போரிலிருந்து மீளும் நாடொன்றில் அப்பணியின் கடினமான பகுதி, லொறி திரும்பிச் சென்ற பின்னரே ஆரம்பமாகின்றது. இதனை விளங்கிக்கொள்ள வேற்று நாட்டு உதாரணம் தேவையில்லை.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்ற வேளை, வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. ஊர் திரும்பிய குடும்பங்களுக்குக் கூரைத் தகரமும், சில மாதங்களுக்கான உலர் உணவும், ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயத்தின் சிறு தொகைப் பணமும் கிடைத்தன. அத்துடன் பதிவேடுகளில் அவர்கள் “மீள்குடியேறியோர்” ஆயினர். காணியிலோ கிணறு தூர்ந்திருந்தது. வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு நின்றது. அதற்குள் கால் வைக்கலாமா என்பதும் தெரியாதிருந்தது.

கால் வைக்கலாமா என்ற அந்த ஐயத்தைத் தீர்ப்பதே கண்ணிவெடி அகற்றுவோரின் பணி. இராணுவத்தினருடன் ஹேலோ டிரஸ்ட் போன்ற நிறுவனங்கள் 2002 முதல் இதில் ஈடுபட்டு வந்துள்ளன. நெடுங்காலம் போர் முன்னரங்காக இருந்த முகமாலையில் வெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்டிருந்தன. உலோகம் மிகக் குறைந்த பிளாஸ்டிக் வெடியைக் கருவி காட்டித்தருவது எளிதன்று. ஆதலால் முழந்தாளிட்டு, நீண்ட பிடியுள்ள விறாண்டியால் மண்ணைச் சிறிது சிறிதாக வாரி எடுக்கின்றனர். ஒரு நாள் முழுவதும் உழைத்தாலும் சில சதுர மீற்றர்களே தேறும். இவ்வேலையைச் செய்வோரில் பலர் போரினால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண்கள் என்பதையும் மறத்தலாகாது. 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை இணைந்தது. அதன்படி நிலம் முழுவதையும் துப்புரவாக்க விதிக்கப்பட்ட தவணை 2028 ஜூன் 1 ஆகும்.

வெடி அகற்றப்பட்ட பின்னும் மற்றொரு தடை உண்டு: காணி உறுதி. இது தெல்தோட்டை நேயர்களுக்கு அந்நியமான விடயமன்று. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் எமது அயலிலேயே உள்ளது. அத்தகைய மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த மக்களில் ஆயிரக்கணக்கானோர் 1977 ஆம் ஆண்டின் இன வன்செயலுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றனர். காடு வெட்டிக் குடியேறினர். பல ஆண்டுகள் பயிரிட்டனர். ஆயினும் பலரிடம் எழுத்து மூலமான உரிமை இருக்கவில்லை. இறுதிப் போரில் மீண்டும் அகதிகளாயினர். 2012 இல் ஆரம்பமான இந்திய வீடமைப்புத் திட்டம் ஒரு புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபாவைத் தவணை தவணையாக வழங்கியது. காணிக்கு ஆதாரம் காட்டுவோர்க்கே அத்தகைய உதவி எளிதில் எட்டியது. தேயிலைத் தோட்டத்து லயத்திலும் நிலமில்லை, வன்னியிலும் பத்திரமில்லை என்றால் அவர் எங்கே வீடு கட்டுவார்? பிரதேச செயலகத்திற்கு அவருடன் சென்று விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதும் மனிதாபிமானப் பணியே. அதைப் படம்பிடித்துக் காட்ட இயலாது என்பதால் ஒருவரும் முன்வருவதில்லை போலும்!

இனி, வடபுல முஸ்லிம்களின் நிலை. 1990 ஒக்டோபரில் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் வழங்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். புத்தளத்து மக்கள் தமது காணியையும் பாடசாலையையும் பள்ளிவாசலையும் பகிர்ந்தளித்தனர். எனினும் வருடங்கள் நீள நீள, தண்ணீருக்கும் தொழிலுக்கும் போட்டி எழுந்து மனக்கசப்பும் வளர்ந்தது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சொற்ப வளங்களுள்ள ஊர் இருபது ஆண்டுகளாக விருந்தோம்பும்போது இது நேரவே செய்யும்.

2009 இன் பின் உதவி நிறுவனங்கள் இடம்பெயர்ந்தோரைப் “புதியவர்” என்றும் “பழையவர்” என்றும் பிரித்தன. புதியவர்க்கே முன்னுரிமை கிடைத்தது. அண்மையில் உயிர் தப்பியோரின் தேவை அவசரமானது என்பது நியாயமே. ஆனால் பழையவர் புத்தளத்தில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டனர் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. அந்த எண்ணமே தவறு. முசலியின் மறிச்சுக்கட்டி, கரடிக்குழி போன்ற ஊர்களுக்குத் திரும்பியோர் கண்டது காடாகிவிட்ட காணிகளை. 2012 ஒக்டோபரில் அப்பகுதி நிலம் வர்த்தமானி அறிவித்தல் மூலம் ஒதுக்குக் காடாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. மேலும், 1990 இல் சிறுவனாக வெளியேறியவர் மனைவி மக்களுடன் திரும்பினார். அன்று ஒரு குடும்பம் வாழ்ந்த வளவில் இன்று மூன்று நான்கு குடும்பங்கள் இடம் கேட்டன. உறுதியோ பாட்டனாரின் பெயரில்.

மக்காவிலிருந்து வெறுங்கையுடன் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களுக்குத் தமது செல்வத்தில் பாதியைத் தர ஸஃத் பின் ரபீஃ (ரழி) அவர்கள் முன்வந்தார்கள். அவரோ அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டுமாறே கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். கொடுக்க முன்வந்தவரின் பெருந்தன்மையை நாம் அடிக்கடி பேசுகின்றோம். பெறுபவர் தமக்கு எது வேண்டும் என்று தாமே சொன்னார் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

சிலாவத்துறைக்குத் திரும்பும் மீனவரைக் கேட்டால் வலையும் வள்ளமும் என்பார். விவசாயி, குளம் திருத்தப்படவேண்டும், முதல் அறுவடை வரை தாங்கும் முதல் வேண்டும் என்பார். கைம்பெண் ஒருவர் தையல் இயந்திரத்தைவிடப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையே முதலில் கேட்கக்கூடும். எமது ஊர் ஸகாத் குழுக்கள் நூறு பேருக்கு ஒரு வாரத்திற்குரிய பொதி வழங்குவதா, ஐந்து குடும்பங்களுக்குத் தொழில் முதல் வழங்குவதா என்று தீர்மானிக்கும் கூட்டத்திற்கு, அத்தகைய ஒருவரை அழைத்து முதலில் பேச விடலாம்.