களைக்கொல்லியைக் காட்டிக்கொடுக்கும் நொதி

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் வழியில் கார், லாரித் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஏரிகளும் நெல்வயல்களும் இன்னும் மிச்சமிருக்கின்றன. களை பறிக்க ஆள் கிடைக்காத இடத்தில் களைக்கொல்லிதான் கைகொடுக்கிறது. தெளித்ததில் ஒரு பங்கு மழையோடு ஏரிக்கு வந்து சேர்ந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வகக் கருவிகள் துல்லியமானவை. விலையும் அதிகம், நேரமும் ஆகும். கரையிலேயே சோதித்துப் பார்க்கும் நோக்கில் உருவானவை நொதி உணரிகள்.

நறுக்கிய வாழைக்காய் கறுப்பது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியால். துண்டுகளை மோரில் போட்டால் புளிப்பு அதை அடக்கிவிடும். இந்த நொதிக் குடும்பத்தைச் சேர்ந்த டைரோசினேஸை, மக்காச்சோள வயலில் தெளிக்கும் அட்ரசின் என்ற களைக்கொல்லியும் அடக்குகிறது. மின்முனையில் நொதியைப் பதித்து, கேட்டகால் என்ற சேர்மத்தைக் கொடுத்தால் அது குயினோனாக மாறும். குயினோன் மின்முனையில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். அட்ரசின் கலந்த நீரில் அந்த மின்னோட்டம் குறையும். குறைந்த அளவை வைத்து மருந்தின் அளவைக் கணக்கிடலாம்.

நொதியை நீரில் கரைத்துவிட்டால் ஒரே சோதனையோடு அது போய்விடும். அதனால்தான் திடப்பொருளில் பதிக்கிறார்கள். பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் பிளாட்டினத்தைப் பீங்கான் கூட்டில் பதிப்பதும் இதே காரணத்துக்குத்தான்: புகை கடந்துபோகும், வினையூக்கி நிற்கும். 1916இல் நெல்சனும் கிரிஃபினும் கரித்தூளில் ஒட்டிய இன்வர்டேஸ் நொதி செயலிழக்கவில்லை என்று காட்டினர். 1962இல் கிளார்க்கும் லயன்ஸும் நொதியை மின்முனையோடு இணைக்கும் வழியை முன்வைத்தனர். இன்று இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் படலத்தில், குளுட்டரால்டிஹைடு கொண்டு நொதியைப் பிணைக்கிறார்கள். பிணைப்பு தளர்ந்தால் நொதி நீரோடு போய்விடும். மிஞ்சினால் அதன் வடிவம் குலைந்து வேலையே நின்றுவிடும்.

குடிநீரில் அட்ரசின் லிட்டருக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். இவ்வளவு நுண்ணிய அளவைப் பிடிப்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பாதரசம் போன்ற கன உலோகங்களும் நொதியை அடக்கும். ஆலையும் வயலும் ஒரே ஏரியைப் பகிரும் பகுதியில், மின்னோட்டம் குறைந்ததும் பழியை விவசாயி மேல் போட்டுவிட முடியாது. அதனால் வெவ்வேறு நொதிகளையும், பசலைக்கீரையிலிருந்து பிரித்த ஒளிச்சேர்க்கைச் சவ்வையும் அருகருகே பதித்து, எது எதற்கு அடங்குகிறது என்று ஒப்பிடும் முறையை ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். ஆய்வகத்துக்கு எந்த ஏரியின் நீரை முதலில் அனுப்புவது என்று தீர்மானிக்க அதுவே போதும்.