பிடியாணை உண்டோ, இல்லையோ?

பேச்சு வழக்கில் 'வாறண்டு' என்றும் நீதிமன்ற வழக்கில் பிடியாணை என்றும் வழங்கும் ஒரு கடதாசிக்கு நம்மவர் அஞ்சும் அளவிற்கு வேறெதற்கும் அஞ்சுவதில்லை எனலாம். ஒழுக்கமாக வாழும் குடும்பங்களிலேயே இவ்வச்சம் மிகுதி. குற்றஞ் செய்து பழகியவனுக்குச் சட்டத்தின் வழிகள் ஓரளவு தெரியும். செய்யாதவனுக்கோ அவை முற்றும் இருள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயன்றோ?

நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் இன்று ஐக்கிய அமெரிக்காவில் வாழ்கின்றனர். அந்நாட்டிலே இவ்வச்சத்தையே முதலாகக் கொண்டு ஒரு வஞ்சகம் நடைபெற்று வருகின்றது. தொலைபேசி ஒலிக்கும். பேசுபவர் தம்மை ஷெரீப் அலுவலக உத்தியோகத்தர் என்பார். "ஜூரியாக வரும்படி நீதிமன்றம் அழைத்தும் நீர் சமுகமளிக்கவில்லை, உம்மைக் கைது செய்யப் பிடியாணை பிறந்துள்ளது, இப்பொழுதே பணம் செலுத்தினால் அது நீங்கும்" என்பார். கடைகளில் விற்கும் பரிசு அட்டைகளை வாங்கி, அவற்றின் இலக்கங்களைக் கூறும்படி பணிப்பார். உண்மையான அலுவலகத்தின் தொலைபேசி இலக்கமே கருவியில் தோன்றுமாறு செய்தலும் இக்காலத்தில் அரிதன்று.

எந்த நீதிமன்றமும் பரிசு அட்டையிற் பணம் பெறுவதில்லை. அமெரிக்கப் பிரசையல்லாதவர் அந்நாட்டில் ஜூரியாக அமரத் தகுதியற்றவர். இவ்விரண்டையும் அறிந்தவருக்கு இவ்வழைப்பு நகைப்பிற்குரியது. ஆயினும், 'ஒருவேளை உண்மையிலேயே ஏதேனும் இருக்குமோ?' என்னும் ஐயம் மனத்தின் ஒரு மூலையில் எஞ்சி நிற்கும். அதனைத் தீர்த்துக்கொள்ளும் வழி அந்நாட்டின் பொதுப் பதிவேடுகளில் உண்டு. அவ்வழியையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஆணையும் அதன் வகையும்

1763 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, ஒரு பத்திரிகையின் சம்பந்தமாக, எவர் பெயரும் குறிக்காத ஒரு பொது ஆணையைக் கொண்டு 49 பேர் கைது செய்யப்பட்டனர். இத்தகைய ஆணைகள்மீது எழுந்த வெறுப்பே அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்திற்கு ஒரு முக்கிய காரணம். 1791 இல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், தகுந்த காரணமின்றியும் சத்தியக் கூற்றின் ஆதரவின்றியும் ஆணை பிறத்தலாகாதென்றும், பிடிக்கப்படுபவரை அல்லது தேடப்படும் இடத்தை அவ்வாணை தெளிவாகக் குறித்தல் வேண்டுமென்றும் விதித்தது. ஆகவே, மெய்யான ஆணை எதுவாயினும் அதற்கு ஒரு நீதிமன்றமும், ஒரு திகதியும், பெரும்பாலும் ஒரு வழக்கிலக்கமும் இருக்கும். தொலைபேசியில் மிரட்டுபவர் இவற்றைப் பொய்யாகவும் கூறக்கூடுமாதலின், அவர் கூறுவதை நீதிமன்ற ஏட்டிற் சரிபார்த்தல் வேண்டும்.

ஆணைகளில் மூன்று வகைகளை அறிந்திருத்தல் நன்று. குற்றச்சாட்டின் பேரில் ஒருவரைப் பிடிக்க எழுவது ஒன்று. இடத்தைச் சோதிக்க எழுவது மற்றொன்று. நீதிபதி தாமே நீதிமன்ற ஆசனத்திலிருந்து பிறப்பிப்பது மூன்றாவது. இதனைப் 'பெஞ்ச் வாறண்டு' என்பர். வாகனக் குற்றச்சீட்டைப் பெற்றவர் குறித்த நாளில் மன்றுக்குச் செல்லாமலும் தண்டம் செலுத்தாமலும் விடின், இது பிறத்தல் கூடும். நல்லொழுக்கமுள்ள மாணவன் ஒருவன், வீடு மாறியதால் நீதிமன்றக் கடிதம் கைக்கெட்டாது, தானறியாமலே இவ்வகை ஆணைக்கு ஆளாதல் இயலும்.

எங்கே தேடுவது?

அமெரிக்க மாநிலங்கள் 'கவுண்டி' எனப்படும் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. நம் மாவட்டத்தை ஒருவாறு ஒத்த இப்பிரிவுகள் அந்நாடெங்கும் 3,000 இற்கு மேற்பட்டவை உள. லூயிசியானாவில் இவற்றைப் 'பரிஷ்' என்றும் அலாஸ்காவிற் 'பறோ' என்றும் அழைப்பர். பிடியாணைகள் யாவற்றையும் பொதுமக்கள் ஒரே இடத்திற் பார்க்கத்தக்க தேசியப் பதிவேடு எதுவுமில்லை. 1967 முதல் இயங்கும் தேசியக் குற்றத் தகவல் நிலையத்தின் பதிவுகள் சட்டத்தை அமுல்நடத்தும் அதிகாரிகளுக்கே உரியவை. ஆதலின், முதலில் அறியவேண்டியது எந்தக் கவுண்டி என்பதே. வசிக்கும் கவுண்டியோடு, முன்பு வசித்ததையும், வீதியிற் பொலிஸார் மறித்த இடம் வேறாயின் அதனையும் கணக்கிற் கொள்க.

இரண்டாவது படி, அக்கவுண்டியின் ஷெரீப் அலுவலகம். பல அலுவலகங்கள் நிலுவையிலுள்ள பிடியாணைகளின் பட்டியலைத் தம் இணையத்தளத்தில் வைத்துள்ளன. யூட்டா, புளோரிடா போன்ற சில மாநிலங்களில் மாநிலம் முழுவதற்குமான தேடல் வசதியும் உண்டு.

மூன்றாவது படியே முதன்மையானது. அது நீதிமன்றப் பதிவாளரின் வழக்கேடு. அந்நாட்டிற் பதிவாளரைக் 'கிளார்க்' என்பர். பெயரை இட்டு வழக்கைக் கண்டு, அவ்வழக்கின் நடவடிக்கைக் குறிப்பை வரிவரியாகப் படித்தல் வேண்டும். ஆணை பிறந்த நாளும், அது மீளப் பெறப்பட்டிருப்பின் அந்த நாளும் அங்கே காணப்படும். நீதிமன்ற ஏடுகளைப் பார்வையிடவும் பிரதி எடுக்கவும் பொதுமக்களுக்குள்ள பொது உரிமையை அமெரிக்க உயர்நீதிமன்றம் 1978 இல் ஏற்றுக் கூறியுள்ளது. இணையத்தில் இல்லாதவற்றை நீதிமன்ற அலுவலகத்திற் கேட்டுப் பார்க்கலாம். பிரதிக்கு மட்டும் சிறு கட்டணம் அறவிடப்படுவதுண்டு.

நகர நீதிமன்றங்களின் ஏடுகள் பல இடங்களிற் கவுண்டி ஏட்டிற் சேர்வதில்லை. அவற்றைத் தனியே பார்த்தல் வேண்டும். மத்திய நீதிமன்றங்களின் வழக்குகளுக்குப் 'பேசர்' எனப்படும் தனி ஏற்பாடு உண்டு. அங்கே பக்கமொன்றுக்கு 10 சதமும், ஓர் ஆவணத்திற்கு உச்சமாக 3 டொலரும் கட்டணம்.

பணம் பெற்றுக்கொண்டு விபரம் தருவதாகக் கூறும் தனியார் தளங்கள் பல உள. அவை பழைய பதிவுகளைத் திரட்டி வைத்திருப்பவை. அரசாங்க ஏட்டைப் பார்க்க வழியிருக்க, அவற்றை நம்புதல் வீண் செலவு.

நம் பெயரால் வரும் இடர்

இங்கே நம்மவருக்கே உரிய சில தொல்லைகள் உள. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே எழுதுகின்றோம். அமெரிக்க ஏட்டில் எது குடும்பப் பெயராகப் பதிவாயிற்று என்பதை ஊகித்தல் அரிது. எனவே, இரண்டையும் மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தல் அவசியம். ஆங்கில எழுத்துக்கூட்டலோ மற்றுமொரு சிக்கல். கடவுச்சீட்டில் உள்ளவாறே முதலிலும், பிறவாறு பின்னரும் தேடுக. இட்ட பெயர் தனியே காட்டப்படாத கடவுச்சீட்டு உடையவர்க்கு, அமெரிக்க விசாவில் 'எப். என். யூ.' என்னும் மூன்றெழுத்துப் பெயரிடத்தில் அமைந்துவிடும்; அவ்வெழுத்துகளே பெயராகப் பதியப்படுதலும் உண்டு.

திகதியிலும் கவனம் வேண்டும். அமெரிக்கர் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவர். நமக்கு ஏப்ரல் 5 ஆகிய 5/4, அவர்க்கு மே 4. பிறந்த திகதியைச் சரிபாராது பெயரொற்றுமையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் பெருந்தவறு.

திருமணப் பேச்சின்போது அமெரிக்காவிலுள்ள மணமகனைப் பற்றி இவ்வழியால் விசாரிப்போர் இதனை மனத்திருத்துதல் வேண்டும். ஒரே பெயருடையார் பலர் இருப்பர். அன்றியும், பிடியாணை என்பது ஒருவரை மன்றின்முன் கொணரும் கட்டளையேயன்றிக் குற்றத்தீர்ப்பன்று. ஏட்டில் ஒரு வரியைக் கண்டவுடன் ஒரு குடும்பத்தின் பெயருக்கு மாசு கற்பித்தல் அறமாகாது.

ஏடும் பிழைக்கும்

பட்டியலிற் பெயர் இல்லாமை, ஆணை இல்லை என்பதற்கு முழு அத்தாட்சியன்று. மன்று இரகசியமாக வைத்த ஆணைகளும், பொதுவாகச் சிறார் வழக்குகளும் பொதுப் பார்வைக்கு வாரா. அதுபோலவே, பெயர் இருத்தலும் முழு அத்தாட்சியன்று.

1991 இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில், வாகனத்திற் சென்ற ஒருவரைப் பொலிஸார் மறித்துக் கணினியைப் பார்த்தபோது பிடியாணை உண்டென்றது. கைது செய்தனர், வாகனத்திற் கஞ்சா அகப்பட்டது. அப்பிடியாணையோ 17 நாட்களுக்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. 2004 இல் அலபாமாவின் கோபி கவுண்டியில், அயலிலுள்ள டேல் கவுண்டியின் கணினிப் பதிவை நம்பி மற்றொருவரைக் கைது செய்தனர். அங்குள்ள அலுவலர் மூலக் கடதாசியைத் தேடியபொழுது அது கிடைக்கவில்லை. ஐந்து மாதங்களுக்கு முன்பே அது மீளப் பெறப்பட்டிருந்தது. அதற்குள் அவரிடம் போதைப்பொருளும் கைத்துப்பாக்கியும் அகப்பட்டன. இவ்விரு வழக்குகளிலும், முறையே 1995 இலும் 2009 இலும், அகப்பட்ட சான்று செல்லும் என்றே உயர்நீதிமன்றம் தீர்த்தது. இவர்கள் குற்றமற்றவர் என்பது நம் வாதமன்று. நீக்கப்பட்ட ஆணை ஏட்டிலிருந்தும் நீங்கிற்றா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, நடைமுறையில், பெயருக்குரியவரையே சாரும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

இத்தகைய ஆணைகள் எத்துணை மலிந்திருத்தல் கூடும் என்பதற்கு மிசூரி மாநிலத்தின் பெர்குசன் நகரம் சான்று. ஏறத்தாழ 21,000 பேர் வாழ்ந்த அந்நகரின் நீதிமன்றம் பிறப்பித்து, 2014 டிசம்பரில் நிலுவையிலிருந்த பிடியாணைகளுக்கு ஆளானோர் 16,000 இற்கு மேற்பட்டோர் என்று அமெரிக்க நீதித் திணைக்களம் 2015 இல் அறிக்கையிட்டது. அவற்றிற் பெரும்பாலானவை சிறு மீறல்களின் தொடர்பாக எழுந்தவை.

இருப்பின் செய்யவேண்டுவது

பெயரும் திகதியும் பொருந்தி, ஆணை உண்டென்றே கண்டால் ஓடுதலும் ஒளித்தலும் ஆகா. தானே ஷெரீப் அலுவலகத்திற்கு நேரிற் சென்று கேட்பவர் அங்கேயே தடுக்கப்படுதல் கூடும். ஆதலின், அம்மாநிலச் சட்டத்தரணி ஒருவரை முதலில் நாடி, அவர் மூலம் ஆணையை மீளப் பெறுமாறு மன்றை வேண்டுதலே சிறந்த முறை. விசாவில் இருப்பவர் குடிவரவுச் சட்டம் அறிந்தவரையும் கலந்தாலோசித்தல் நலம். ஆணை மீளப் பெறப்பட்ட பின், அக்கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெற்றுக் கைவசம் வைத்துக்கொள்க. சில வாரங்கள் கழித்து ஏட்டை மீண்டும் பார்க்க.

தொலைபேசியில் அச்சுறுத்தல் வந்தாலோ, பேச்சை வளர்க்காது கருவியை வைத்துவிட்டு, அழைத்தவர் தந்த இலக்கத்தை விடுத்துத் தாமே தேடிக் கண்ட நீதிமன்ற இலக்கத்தில் விசாரித்தல் வேண்டும். இவ்வொன்றைப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் எழுதியேனும் சொல்லியேனும் வைத்தல் கடன். கண்ணாற் கண்டதும் காதாற் கேட்டதும் பொய்க்கும். தீர விசாரிப்பதே மெய். விசாரித்தற்கு ஏடு திறந்திருக்கும் நாட்டில், விசாரியாமல் அஞ்சிப் பணத்தை இழத்தல் நம் பிள்ளைகளுக்கு வேண்டா.