வேனுக்குள் ஏசி: கரன்ட் எங்கிருந்து வருகிறது?

2024 டிசம்பரில், கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவன் ஒன்றுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. ஜெனரேட்டரின் புகை, வண்டித் தளத்திலிருந்த ஓட்டை வழியே உள்ளே ஏறியிருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 900 பங்கைத் தாண்டியது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு எதுவுமே தெரியாது.

வண்டியில் படுப்பவர்களுக்கு ஏசி ஆடம்பரம் அல்ல. மே மாதத்தில் ஒரு தகர வேனுக்குள் மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். புதிதாகத் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதித்திருப்பதும் இந்த வெக்கையால்தான். ஆனால் வண்டியோடு வரும் ஏசி இன்ஜின் ஓடினால்தான் குளிரும். நின்ற வண்டிக்கு என்ன வழி? சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி ஒன்றை வாங்கி உள்ளே வைத்துவிடலாம் என்று பலருக்கும் தோன்றுகிறது. வாங்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு டன் போர்ட்டபிள் ஏசி சுமார் 1,200 வாட் இழுக்கும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 110 ஆம்பியருக்கு மேல் போகும். வண்டியின் 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பதே 1,200 வாட்-அவர். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே அரை மணி நேரம்கூடத் தாங்காது; காலையில் செல்ஃபும் எடுக்காது. கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் மின்னோட்டம் பல மடங்கு எகிறும் என்பதால் சின்ன இன்வெர்ட்டர் உடனே டிரிப் ஆகிவிடும். மெல்லிய வயர் சூடேறும். பேட்டரியை ஒட்டியே பியூஸ் போடாத வண்டியில் தீப்பிடிப்பது இங்கிருந்துதான்.

எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு, கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடினாலும், ஆறு யூனிட் தேவைப்படும். அதற்கு 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் ஆறு வேண்டும். கூரையில் 800 வாட் சோலார் பலகை வைத்தாலும் நல்ல வெயில் நாளில் மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். மீதியை வண்டி ஓடும்போது டைனமோவிலிருந்து ஏற்ற வேண்டும். செய்யலாம், ஆனால் நல்ல தொகை செலவாகும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் ஜெனரேட்டரையோ, நின்ற வண்டியின் இன்ஜினையோ இரவெல்லாம் ஓடவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை. போர்ட்டபிள் ஏசிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குழாய்தான். உள்ளிருக்கும் காற்றை எடுத்து, வெப்பத்தோடு சேர்த்து வெளியே தள்ளும். போன காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று கதவிடுக்கு, தள ஓட்டை என்று கிடைத்த வழியில் நுழையும். வெயிலில் அது அனல்; குளிர்ச்சி பாதி வீணாகிவிடும். பக்கத்தில் இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓடினால் அது புகை. வேனுக்கு ஒற்றைக் குழாய் ஏசியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். இரட்டைக் குழாய் உள்ளது எவ்வளவோ மேல். அதைவிட, பேட்டரியிலேயே நேரடியாக ஓடும் 24 அல்லது 48 வோல்ட் கூரை ஏசி நல்லது. அதன் வெப்பம் முழுக்க வெளியே போகும், நடுவில் இன்வெர்ட்டர் வேண்டாம். வோல்ட் கூடக்கூட ஆம்பியர் இறங்குவதால் வயரும் அவ்வளவாகச் சூடாகாது.

எதை வாங்கினாலும் முதல் பணத்தை வெப்பத்தைத் தடுக்கச் செலவிடுங்கள். கூரைக்கு அடியில் நுரைப் பலகை, கண்ணாடிகளுக்கு வெள்ளி மறைப்பு, மேலே வெள்ளைப் பெயின்ட். இவற்றால் ஏசியின் சுமை நன்றாகக் குறையும்; சின்ன ஏசியே போதும். தங்குமிடத்தில் 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் கிடைத்தால் அதற்கு இணையான வழியே இல்லை. ஆறு யூனிட்டுக்கான காசைக் கேட்டுக் கொடுத்துவிடலாம். தடிமனான, எர்த் உள்ள வயர் மட்டும் கையில் இருக்கட்டும். தூங்குமிடத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் வையுங்கள். புகையைக் கண்டுபிடிக்கும் அலாரம் வேறு, இது வேறு, கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் செய்துகொள்ளும் வசதி வாடகை வேன் ஓட்டுநருக்குக் கிடையாது. குடும்பத்தோடு கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ வேன் எடுக்கிறோம். நமக்கு அறை, அவருக்கு வண்டியின் பின் சீட்டு. ஏசியைப் போட்டுக்கொண்டு அதிலேயே படுங்கள் என்று அன்போடுதான் சொல்கிறோம். இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள். அறை பதிவு செய்யும்போது அவருக்கும் ஒரு கட்டில் சேர்த்துக் கேளுங்கள்.