டி.யு.சி.எஸ். பண்டகசாலை (தொடக்கம்: 1904)

திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் (டி.யு.சி.எஸ்.) இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளுள் ஒன்று. உறுப்பினர்கள் பங்குத்தொகை போட்டு, வீட்டுக்கு வேண்டிய மளிகைப் பொருள்களை மொத்தமாக வாங்கித் தங்களுக்குள் விற்றுக்கொள்வதே இதன் முறை. 1904இல் வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே கருதியது. பண்டகசாலைகளுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டம்தான் இடமளித்தது. அந்தச் சட்டத்துக்கு முன்பே திருவல்லிக்கேணி வழிகண்டுவிட்டது பெருமைப்படத்தக்க செய்தி.

பார்த்தசாரதி கோயிலும் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலும் உள்ள இடத்தில் ஒரு மளிகைக்கடைக்கு விளக்கப் பலகை எதற்கு என்று கேட்கலாம். கோயிலுக்குப் பல்லவர் காலம் முதல் அரசர்களின் ஆதரவு இருந்தது; பள்ளிவாசலைக் கட்டியது ஆர்க்காட்டு நவாபின் குடும்பம். பண்டகசாலையோ குடியிருந்தவர்கள் தாங்களே உண்டாக்கியது. தேர்த் திருவிழா ஆண்டுக்குச் சில நாள்தான். பையும் சாமான் பட்டியலுமாகப் பிள்ளைகள் கடைக்கு ஓடியது ஆண்டு முழுவதும். அதனால்தான் இங்கு வளர்ந்தோரின் இளமை நினைவுகளில் கடைகளுக்கு இத்தனை இடம். கட்டடங்கள் மாறிவிட்டனவே என்றால், மாறியவை சுவர்கள். சங்கம் இன்றும் சென்னையில் நியாயவிலைக் கடைகளை நடத்துகிறது.