கோழி சாலட்: உண்பவரின் உரிமையும் எச்சரிக்கையும்

நம் வீடுகளில் மாமிச பதார்த்தங்கள் பெரும்பாலும் கொதிக்கக் கொதிக்க இலைக்கு வருபவை. வேகவைத்த கோழிக்கறியை ஆறவைத்துப் பிய்த்து, ஆப்பிள், திராட்சை, வால்நட், முந்திரி முதலியவற்றோடு மயோனைஸ் விட்டுக் கலந்து குளிர்ச்சியாகப் பரிமாறப்படும் சாலட்டோ, கலந்த பிறகு அடுப்பையே காணாத ஆகாரமாதலால், கையாலோ கத்தியாலோ அதில் சேர்ந்துவிட்ட கிருமியைச் சுட்டழிக்கும் சந்தர்ப்பம் பின்னர் வாய்ப்பதேயில்லை. இதைக் கடையில் வாங்கி உண்போர் பெருகிவரும் இந்நாளில், அதன் அபாயங்களையும், சட்டம் நமக்கு வழங்கியுள்ள பாதுகாப்பையும் சேர்த்தே அறிந்திருத்தல் அவசியம்.

அபாயங்களில் முதன்மையானது மயோனைஸ். பச்சை முட்டையும் எண்ணெயும் சேர்த்து அடிக்கப்படும் அதில் சால்மோனெல்லா என்னும் கிருமி பல்கக்கூடும் என்பதனாலேயே, தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக் காலத்துக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. தடைக்குக் கால எல்லை உண்டாயினும் கிருமியின் சுபாவத்துக்கு அத்தகைய எல்லை கிடையாது. வீட்டில் செய்வோர், துணியில் கட்டி நீர் வடித்த கெட்டித் தயிரில் மிளகுப்பொடியும் எலுமிச்சைச் சாறும் கலந்தால், ருசிக்கு யாதொரு குறைவுமின்றி இந்தப் பயத்தினின்று விடுபடலாம்.

கோழியோ, அதன் தடித்த பாகத்தின் உள்ளேயும் 74 டிகிரி செல்சியஸ் சூடேறும்வரை வேக வேண்டும். வெந்ததை ஆழமான பாத்திரத்தில் சூட்டோடு மூடிவைக்காமல், அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். பச்சைக்கறியை வெட்டிய பலகையைச் சோப்பிட்டுக் கழுவாமல் அதன்மேலேயே திராட்சையை நறுக்குவதும், குழாயடியில் கோழியை அலசும்போது தெறிக்கும் நீர் பக்கத்திலிருக்கும் பழத்தட்டில் விழ விடுவதும், நல்ல குடும்பங்களிலும் அன்றாடம் நிகழ்கின்றன. வேகாத பழத்தின் வழியே கிருமி நேரே வயிற்றுக்குப் போவதற்கு இவையே ராஜபாட்டை. குழந்தைகளுக்கானால் முழுத் திராட்சையும் முழு முந்திரியும் தொண்டையை அடைத்துவிடும் ஆபத்துண்டு. திராட்சையை நீளவாக்கில் பிளந்தும், பருப்பைப் பொடித்தும் கொடுப்பதே உத்தமம்.

பருப்பு சிலருடைய தேகத்துக்கு ஒவ்வாது. சிறு துணுக்கொன்றே உதடு வீங்கவும், மூச்சுத் திணறவும், உயிருக்கே ஆபத்து விளையவும் போதுமானதாகையால், அவர்களுக்கு இது ருசியைப் பற்றிய விஷயமன்று. மூச்சுத் திணறல் கண்டால் வீட்டு வைத்தியத்தில் காலம் கழிக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளின்படி, அடைத்து விற்கப்படும் உணவில் முட்டை, பால், நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைப்பருப்புகள் சேர்ந்திருந்தால் உறையில் அதைத் தெரிவித்தாக வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளுள்ள உணவகங்களும் இவ்விவரத்தை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவை. சிறு கடையில் வாய்விட்டுக் கேளுங்கள். விற்பவர் பதிலளிக்கத் தயங்கினால் வாங்காதீர்கள்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வு செய்துகொள்ளும் உரிமையைச் சாதாரண நுகர்வோருக்கும் அளித்திருக்கிறது. அந்த எண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்துவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையிலும், ஏனைய பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரையிலும் நஷ்டஈடு விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. இது தவிர, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஆலோசனைக்கு 1915 என்ற எண் உண்டு.

ஆனால் சாட்சியமின்றி எந்த வழக்கும் நிற்பதில்லை. ஆகவே உபாதை கண்டதும் மிஞ்சிய உணவைக் கொட்டிவிடாமல், மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் தனியே வைத்து, ரசீதையும் மருத்துவர் சீட்டையும் பத்திரப்படுத்தி, உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் அன்றைக்கே புகார் கொடுங்கள்.