அம்மாவின் அரை மணி

என் அம்மாவுக்குச் சமையல் செய்யக் கடிகாரம் தேவைப்பட்டதே இல்லை. "ரெண்டு அத்தியாயம் முடியறதுக்குள்ளே பருப்பு வெந்துடும்" என்பாள். கதை சூடு பிடித்துவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு தப்பிவிடும். அன்று சாம்பாரில் லேசாக அடிப்பிடித்த வாசனை வரும். அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். "இன்னிக்குக் கதை ரொம்ப நல்லா இருந்துதோ?" என்று மட்டும் கேட்பார்.

கும்பகோணத்தில் எட்டாவது வரை படித்தவள் அம்மா. 1954-ல், பதினாறு வயதில் கல்யாணம். அவள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தவை 'பொன்னியின் செல்வன்' தொகுப்புகள். 1950-லிருந்து 1954 வரை 'கல்கி' இதழில் அது தொடராக வந்ததல்லவா? மணியத்தின் சித்திரங்களோடு வாராவாரம் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, மைதாப் பசை காய்ச்சி அட்டை போட்டவள் அவளேதான். பூச்சி அரிக்காமல் இருக்க, பக்கங்களுக்கு நடுவே காய்ந்த வேப்பிலை வைத்திருப்பாள்.

"புஸ்தகம் சோறு போடுமா?" என்று ஆரம்பத்தில் பாட்டி முணுமுணுத்தாராம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா பதில் பேசவில்லை. மத்தியானம் பாட்டி வெற்றிலை போட உட்காரும்போது, பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு மாதம் ஆகவில்லை, "ஏம்மா, அந்தப் பிள்ளை வந்தியத்தேவன் தப்பிச்சானா இல்லையா? பாத்திரத்தை அப்புறம் தேய்க்கலாம், வா" என்று பாட்டியே கூப்பிட்டாராம்!

அப்படி வந்ததுதான் அம்மாவின் அரை மணி. இரண்டிலிருந்து இரண்டரை வரை அவளை யாரும் கூப்பிடக் கூடாது. குழந்தைகள் நாங்கள் பக்கத்தில் போகலாம். ஆனால் கையில் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். எங்கள் மூவருக்கும் படிக்கும் பழக்கம் வந்தது அதட்டலால் அல்ல, இந்தச் சட்டத்தால்தான்.

கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூட நீவிவிட்டுப் படிப்பாள். கதை பாதியில் நின்றிருந்தால், ராத்திரி சோறு பிசைந்து எங்களுக்குக் கையில் போடும்போது மீதியைத் தானே கட்டிச் சொல்வாள். எந்தக் கதையிலும் கதாநாயகி சாக மாட்டாள்!

இந்தப் பழக்கம் அவளுக்கே ஒரு சமயம் பெரிய உதவி செய்தது. 2006-ல் அவளுக்கு வயது 68. பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஒரு நாள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "வரியெல்லாம் நடுவிலே நெளியுதுடி" என்றாள். உடனே கண் டாக்டரிடம் போனோம். சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிந்ததும் பரிசோதித்தார். சர்க்கரையால் இடது கண்ணின் விழித்திரை நடுவே நீர் கோத்திருந்தது. லேசர் சிகிச்சை நடந்தது. பிறகு கண்ணுக்குள் ஊசியும் போட்டார்கள். "அம்மா தினமும் படிக்கிறவங்க. அதனாலே சீக்கிரம் தெரிஞ்சுது" என்றார் டாக்டர். 2017-ல் கண்மூடும்வரை பூதக்கண்ணாடியும் கையுமாகத்தான் இருந்தாள்.

சகோதரிகளே, இந்த விழித்திரைக் கோளாறு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் வரலாம். உங்கள் வீட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இருந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கட்டும். வரிகள் நெளிந்து தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிக்க ஏது நேரம் என்கிறீர்களா? எனக்குப் பெண் பிறந்தபோது நானும் அம்மாவிடம் இதையே கேட்டேன். "வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் படிக்கலாம்னா, வேலை என்னிக்குடி முடியும்?" என்று சிரித்தாள். பிறகு குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, என் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள்.