மட்டைக்குள்ளேயே இருக்கிறது பசை!

தென்னை மட்டையில் பலகை, லாரி இருக்கையில் நார்: நாடுகள் கைகோத்த ஆராய்ச்சி சொல்லும் பாடம்

தேங்காய் உரிக்கும் களத்தில் எல்லோர் கண்ணும் காயின் மீதுதான் இருக்கும். எத்தனை காய், என்ன எடை, கொப்பரைக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். மட்டையை எண்ணுபவர் அதை ஏற்ற வந்த வண்டிக்காரர் மட்டும்தான். பொள்ளாச்சி, ஆனைமலை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னை உள்ள எந்தப் பகுதிக்குப் போனாலும் இதுதான் நிலை. நார் மில் பக்கத்தில் இருந்தால் மட்டைக்கு ஏதோ ஒரு விலை கிடைக்கும். மில் இல்லாத ஊரில் மட்டை வேலி ஓரம் குவியும். இல்லையென்றால் அடுப்புக்கும் சூளைக்கும் போகும்.

ஒரு தேங்காயின் மொத்த எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மட்டைதான். அதாவது, மூன்று வண்டி காய் விளைவித்தால் ஒரு வண்டி மட்டையையும் சேர்த்தே விளைவிக்கிறோம். அதற்கும் தண்ணீர் பாய்ச்சுகிறோம், உரம் வைக்கிறோம். விளைந்த பொருளில் மூன்றில் ஒரு பங்கைக் கழிவு என்று ஒதுக்கினால், அந்த நட்டம் யாருடையது?

இதே கேள்வியைத்தான் தொழிற்சாலைப் பொருள்களை ஆராயும் விஞ்ஞானிகளும் வேறு கோணத்தில் கேட்டார்கள். மரம் குறைகிறது, பெட்ரோலியத்திலிருந்து வரும் பசையும் ஸ்பாஞ்சும் சுற்றுச்சூழலுக்குச் சுமையாகின்றன. வயலில் ஏற்கெனவே விளைந்து கிடக்கும் நாரை முழுமையாகப் பயன்படுத்தினால் என்ன? அந்தக் கேள்விக்கு நெதர்லாந்து, பிலிப்பைன்ஸ், ஜெர்மனி, பிரேசில் ஆகிய நாடுகளில் கிடைத்த விடைகள் நம் தென்னை விவசாயிகளும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

பசை இல்லாத பலகை

உலகில் தென்னை அதிகம் விளையும் நாடுகள் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இந்தியா. இதில் பிலிப்பைன்ஸின் தென்னை ஆணையமும், நெதர்லாந்தில் உள்ள வாகனிங்கன் ஆராய்ச்சி நிலையமும் இணைந்து மட்டையிலிருந்து கட்டுமானப் பலகை செய்யும் ஆராய்ச்சியில் இறங்கின. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும், ஆம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட பண்டங்களுக்கான பொது நிதியமும் இதற்குத் துணை நின்றன. ஆராய்ச்சி முடிவுகள் 2004, 2006 ஆண்டுகளில் வெளியாயின.

அதன் அடிப்படை எளிமையானது. மட்டையில் சுமார் 30 பங்கு நார், 70 பங்கு நார்க்கழிவு. நாருக்குள் செல்லுலோஸ், லிக்னின் என்ற இரண்டு முக்கியப் பொருள்கள் உள்ளன. கான்கிரீட்டில் கம்பியும் சிமென்டும் எப்படியோ அப்படித்தான் இவை இரண்டும். செல்லுலோஸ் கம்பிபோல இழுவையைத் தாங்கும். லிக்னின் சிமென்ட்போல இறுக்கிப் பிடிக்கும். மரத்தில் லிக்னின் பொதுவாக 20 முதல் 30 சதவிகிதம். தேங்காய் நாரில் அது 40 சதவிகிதத்துக்கும் மேல். தேங்காய்க் கயிறு தண்ணீரிலும் உப்பிலும் சீக்கிரம் மக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த லிக்னின் சுமார் 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும்போது இளகும். அந்த நேரத்தில் நன்றாக அழுத்தினால் நாருக்கும் நார்க்கழிவுக்கும் இடையே பரவி, பின் இறுகிவிடும். ஆகவே மட்டையைக் காயவைத்து, நாரையும் கழிவையும் பிரிக்காமல் அப்படியே அரைத்து, சூடான அழுத்து இயந்திரத்தில் வைத்து அழுத்தினால் பலகை கிடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து பசை சேர்க்க வேண்டியதில்லை. இப்படிச் செய்த பலகை, சந்தையில் கிடைக்கும் மரத்தூள் பலகைகளுக்கு இணையாகவும், சில குணங்களில் அவற்றைவிடச் சிறப்பாகவும் இருந்தது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தென்னை ரகமும் காயின் முதிர்ச்சியும் மட்டையின் தன்மையை எப்படி மாற்றுகின்றன என்பதையும் அவர்கள் ஆராய்ந்தார்கள்.

பசை இல்லை என்பது சின்ன விஷயம் அல்ல. மரத்தூள் பலகைகளில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற பசை சேர்க்கப்படுகிறது. பலகை வீட்டுக்கு வந்த பிறகும் அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று ஃபார்மால்டிஹைடை 2004-ல் வகைப்படுத்தியது. மட்டைக்குள்ளேயே பசை இருக்கும்போது, வெளியிலிருந்து காசு கொடுத்து நஞ்சைச் சேர்ப்பானேன் என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் சாரம்.

லாரி இருக்கையில் தென்னை நார்

இன்னொரு முயற்சி பிரேசிலில், அமேசான் ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் நடந்தது. பெலெம் நகரில் உள்ள பாரா மத்தியப் பல்கலைக்கழகம், காட்டை அழிக்காமல் ஏழை விவசாயிகளின் வருமானத்தைக் கூட்ட 1990-களின் தொடக்கத்தில் 'பொயெமா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனம் இதில் கைகோத்தது. வாகன இருக்கையிலும் தலைசாய்மானத்திலும் வைக்கும் பெட்ரோலிய ஸ்பாஞ்சுக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தது அந்த நிறுவனம். மராஜோ தீவு போன்ற இடங்களில் விவசாயிகளிடம் தேங்காய் மட்டை குவிந்து கிடந்தது.

நாரைப் பிரித்து, சுருட்டி, அதன் மேல் ரப்பர் பால் தெளித்து, அச்சில் அழுத்திச் சூடேற்றினால் மெத்தைபோல ஆகிவிடும். ரப்பர் நார் மெத்தை நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் அதை ஒரு வாகனத் தொழிற்சாலை கேட்கும் தரத்தில், ஒரே அளவில், ஆண்டு முழுவதும் கொடுக்க முடியுமா என்பதுதான் அங்கிருந்த சவால். 2001-ல் பெலெம் அருகே அனனிந்தேவா என்ற இடத்தில் இதற்கென ஓர் ஆலை திறக்கப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விவசாயிகள் மட்டையை மட்டும் விற்றுவிட்டு ஒதுங்கவில்லை; கிராமத்திலேயே நார் பிரிக்கும் கூடங்கள் ஏற்பட்டன. பல மரங்களைக் கலந்து நடும் தோட்ட முறையும் திட்டத்தோடு சேர்ந்தே வந்தது.

இயற்கை நார்களின் முக்கியத்துவத்தை உணர்ந்து ஐ.நா. சபை 2009-ஐ 'சர்வதேச இயற்கை நார்கள் ஆண்டு' என்று அறிவித்தது. அந்தப் பட்டியலில் தேங்காய் நாரும் இடம்பெற்றது.

ஏன் எல்லா ஊரிலும் வரவில்லை?

இவ்வளவு நல்ல தொழில்நுட்பம் என்றால் ஏன் ஊருக்கு ஓர் ஆலை வரவில்லை என்று கேட்பது நியாயம்தான். காரணங்கள் உண்டு. மட்டை இடத்தை அடைக்கும், எடையில் குறைவு. தூரம் கொண்டுபோனால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். மட்டையில் ஈரம் அதிகம். அதைக் காயவைக்க வெயிலோ எரிபொருளோ வேண்டும். சூடேற்றி அழுத்தும் இயந்திரம் விலை கூடியது. பசையில்லாப் பலகை அடர்த்தி மிக்கது என்பதால் கனமும் அதிகம். ஒரு பலகைக்குப் பிடிக்கும் மூலப்பொருளும் அதிகம். இதையெல்லாம் தாண்டி, மலிவு விலை மரத்தூள் பலகையோடு சந்தையில் போட்டியிட வேண்டும்.

எனவே மட்டை நிறைய ஒரே இடத்தில் சேரும் பகுதியில், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் போன்ற கூட்டு அமைப்பு முன்னின்றால்தான் இப்படிப்பட்ட முயற்சி நிற்கும். தனி விவசாயி கடன் வாங்கிச் செய்யும் தொழில் அல்ல இது.

ஆராய்ச்சிக் கணக்கில் விட்டுப்போகும் ஒரு வரி

தொழிற்சாலைக் கணக்கு, மட்டை ஆலையின் வாசலுக்கு வரும்போது தொடங்குகிறது. விவசாயியின் கணக்கு அதற்கு முன்பே, மண்ணில் தொடங்கிவிடுகிறது. தேங்காய் மட்டையில் சாம்பல் சத்து அதிகம். நெட்டை ரகத் தென்னைக்கு ஆண்டுக்கு 560 கிராம் தழைச்சத்து, 320 கிராம் மணிச்சத்து, 1,200 கிராம் சாம்பல் சத்து பரிந்துரைக்கப்படுகிறது. தென்னை அதிகம் கேட்பது சாம்பல் சத்தைத்தான். மட்டை முழுவதும் தோப்பை விட்டு வெளியேறினால் அந்தச் சத்தில் ஒரு பகுதியும் வண்டியேறிப் போகிறது. பிறகு அதையே பொட்டாஷ் உர மூட்டையாகக் கடையில் வாங்குகிறோம்.

ஒரு ஏக்கர் கணக்கைப் பார்ப்போம். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய் என்றால் 7,000 மட்டை. தோராயமாக 1,000 மட்டைக்கு 80 கிலோ நார் என்று வைத்தால் 560 கிலோ நார். நார்க்கழிவு அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 1 டன்னுக்குச் சற்று மேல். இந்த 7,000 மட்டைக்கு மில்லில் என்ன கிடைக்கிறது, தோப்பில் இருந்தால் எவ்வளவு தண்ணீரும் உரமும் மிச்சமாகும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே வண்டியை வரச் சொல்ல வேண்டும்.

தோப்பிலேயே செய்யக்கூடியவை

மூடாக்கு: மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் உள்ள வட்டப்பாத்தியில், 100 மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கலாம். கோடையில் மண் ஈரம் காயாமல் காக்கும். மட்டைக்குப் பதிலாக நார்க்கழிவை 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பலாம்.

மட்டை புதைத்தல்: மர வரிசைகளுக்கு நடுவே வாய்க்கால்போலக் குழி எடுத்து, மட்டையின் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மண் மூட வேண்டும். மழைநீர் மட்டைக்குள் தங்கும். இதன் பலன் 5 முதல் 7 ஆண்டுகள் வரை நீடிக்கும். மூடாக்குக்குக் கவிழ்த்து வைக்க வேண்டும், புதைக்க நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

நார்க்கழிவு உரம்: 1 டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, 1 கிலோ சிப்பிக்காளான் வித்து போதும். நிழலில் ஒரு அடுக்கு நார்க்கழிவு, அதன் மேல் காளான் வித்து, அடுத்த அடுக்கு நார்க்கழிவு, அதன் மேல் யூரியா என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் கறுத்து உரமாகும். கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 என்பதிலிருந்து 24:1 ஆகக் குறையும். லிக்னினைச் சிதைக்கும் ஆற்றல் காளானுக்கு உண்டு. பலகையில் பசையாக நிற்கும் அதே லிக்னின், இங்கே மண்ணுக்கு உணவாகிறது.

வாசகர் கேள்விகள்

கேள்வி: மட்டையை எரித்துச் சாம்பலாகத் தோப்பில் இடலாமா?

பதில்: சாம்பலில் சாம்பல் சத்து இருக்கும். ஆனால் கரிமமும் தழைச்சத்தும் புகையாகப் போய்விடும். தண்ணீரைப் பிடித்துவைக்கும் தன்மையும் போய்விடும். அடுப்பில் எரித்த சாம்பலை வீணாக்காமல் இடலாம். சாம்பலுக்காகவே மட்டையை எரிப்பது நட்டம்.

கேள்வி: நார்க்கழிவை மட்க வைக்காமல் காய்கறிப் பாத்தியில் கலக்கலாமா?

பதில்: கூடாது. பச்சை நார்க்கழிவை மண்ணில் கலந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். மேலே மூடாக்காகப் பரப்புவதில் தவறில்லை. கலப்பதென்றால் மட்கிய பிறகு கலக்கவும்.

கேள்வி: மட்டையிலிருந்து பலகை அல்லது பிற பொருள் தயாரிக்கும் தொழில் பற்றி எங்கே கேட்கலாம்?

பதில்: மத்திய அரசின் கயிறு வாரியத்தை அணுகலாம். ஆலப்புழை அருகே கலவூரில் மத்திய கயிறு ஆராய்ச்சி நிலையமும், பெங்களூரில் மத்திய கயிறு தொழில்நுட்ப நிறுவனமும் அதன் கீழ் இயங்குகின்றன. போவதற்கு முன் மூன்று விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஊரைச் சுற்றி 10 கி.மீ.க்குள் ஆண்டுக்குச் சேரும் மட்டை எவ்வளவு, காயவைக்க இடம் உண்டா, வாங்குபவர் யார். இம்மூன்றும் தெரியாமல் இயந்திரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.

எதை எங்கே அனுப்புவது?

நீண்ட நார் கயிற்றுக்கும் மெத்தைக்கும், குட்டை நார் பலகைக்கும் விரிப்புக்கும், நார்க்கழிவு உரத்துக்கு, வேறு எதற்கும் உதவாதது மட்டும் அடுப்புக்கு. இந்த வரிசையில் போனால் ஒரே பொருள் பலமுறை பயன் தரும். வரிசையைத் தலைகீழாக்கி முதலிலேயே எரித்துவிட்டால் ஒருமுறைதான் பயன்.

அடுத்த முறை களத்தில் காய் உரிக்கும்போது மட்டையையும் எண்ணுங்கள். தோப்பின் தேவைக்கு எத்தனை என்று முதலில் ஒதுக்குங்கள். மீதியை நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து விலை பேசி விற்றால், விலை சொல்லும் இடத்தில் வண்டிக்காரர் மட்டும் இருக்க மாட்டார்.